ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால், "என்ன பாடம் எடுத்தீங்க?" என்று கேட்பார்கள். "கூட்டல், பெருக்கல்" என்பேன். கணக்கு டீச்சர் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு. நானும் உட்கார்ந்து வந்திருக்கிறேன். விளக்குமாற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

போன மாதம் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு டீச்சர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகள் எழுதும் தேர்வைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் போட்டுத் தரும் புதுச் செயலி ஒன்றைப் பள்ளியில் வாங்கியிருக்கிறார்களாம்.

"கொரோனா சமயத்துலயே இதை நீங்கல்லாம் கையால செஞ்சீங்களாமே. ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கக்கா" என்றார் ஒருவர்.

"மங்கை டீச்சரையே எழுதச் சொல்லுங்களேன். அவங்கதானே செஞ்சாங்க."

"கேட்டோம். தப்பு பண்ணினவங்க எழுதினாத்தான் படிக்க நல்லா இருக்கும்னு சொல்லிட்டாங்க."

அதனால் எழுதுகிறேன்.

நான் ஏழாவது பாதியில் நின்றவள். அப்பா போன பிறகு பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனேன். தோல் எண்ணெய் பட்டுக் கை இரண்டும் உரிந்தது. உரிந்த கைக்குப் பஞ்சு நல்லது என்று யாரோ சொன்னார்கள், திருப்பூருக்குப் போனேன். அங்கிருந்து கேரளாவில் ஒரு செங்கல் சூளை, பிறகு புதுச்சேரியில் மீன் சுத்தம் செய்யும் கொட்டகை. எந்த ஊரிலும் இரண்டு பொங்கல் சேர்ந்தாற்போல் கொண்டாடியதில்லை. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அவர் என்னைவிட அலைகிறவர். மூன்றாம் வருடம் வேலை தேடிப் போனார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நெய்வேலிக்கு ஒரு கிறிஸ்துமசுக்குச் சித்தி வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது சுரங்கத் தொழிலாளர் கேன்டீன் கான்ட்ராக்டில் ஆள் எடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். பையோடு அப்படியே போய் நின்றேன். பதினொரு வருடம் அங்கேயே இருந்தேன்.

கேன்டீனில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சமையல் இல்லை, ஷிப்ட். முதல் ஷிப்டுக்கு விடியற்காலை வந்தவன் காலை டிபனுக்கு ஆறு இட்லி சாப்பிடுவான், சாம்பாரை மூன்று தடவை கேட்பான். மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவான், அவனுக்கு டீயும் ஒரு வடையும் போதும். இரவு ஷிப்ட்காரனுக்குத் தயிர்ச்சோறும் ஊறுகாயும் இருந்தால் பேச்சே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறுவார்கள். யார் எந்த வாரம் எதில் வருவார் என்று தெரியாமல் அரிசி போட்டால், ஒன்று சோறு மிஞ்சும், இல்லையென்றால் சூப்பர்வைசரின் வாய் நீளும். சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

கான்ட்ராக்டர் மாறினார், கூடவே நாங்களும் வெளியே வந்தோம். நகரியத்திலேயே ஒரு பள்ளியில் துப்புரவுக்கு ஆள் கேட்டார்கள். போனேன். பிள்ளைகள் என்னை ஆயாம்மா என்றார்கள், பெரியவர்கள் அந்தோணி என்றார்கள். மொபெட் ஓட்டத் தெரியும் என்பதால் பாங்கு, தபால், சாக்பீஸ் எல்லாம் மெதுவாக என் தலையில் வந்து விழுந்தன.

மங்கை டீச்சர் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு. அவர் திட்டி நான் பார்த்ததில்லை. யாராவது பொய் சொன்னால் மேசை டிராயரிலிருந்து ஒரு பென்சிலையும் பாதி பிளேடையும் எடுப்பார். மெதுவாகச் சீவ ஆரம்பிப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். சீவல் சுருண்டு சுருண்டு ஒரு தாளில் விழும். பென்சில் கூராகும் முன்பு எதிரே நிற்பவர் உண்மையைச் சொல்லிவிடுவார். ஒரு தடவை பி.டி. சார் ஒருவர் முழுப் பென்சில் காலியாகும்வரை நின்றார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அவ்வளவு திடமானவள் இல்லை. பிளேடைக் கண்டாலே சொல்லிவிடுவேன்.

பள்ளிகளை மூடிய பிறகு டீச்சர் தினமும் வந்து காலியான எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து, மடிக்கணினியைப் பார்த்துப் பாடம் எடுப்பார். கையில் சாக்பீஸ் இருக்கும். எழுத எதுவும் இல்லாவிட்டாலும் அது இல்லாமல் அவருக்கு வாய் வராது. திரையில் கறுப்புக் கட்டங்களும் பெயர்களும்தான். "புரியுதா?" என்பார். கட்டங்கள் பதில் சொல்லாது. ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, "அந்தோணி, இவங்களுக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியல. தெரியாம எதை எடுக்கறது?" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் சனிக்கிழமைத் தேர்வு. காலை பத்து மணிக்குப் போனில் இருபது கேள்விகள் வரும். பதினொரு மணிக்கு மூடிவிடும். அப்போது தேர்வுக்கென்று இருந்த ஒரு செயலி மார்க் போட்டுப் பிள்ளைகளை மூன்று நிறமாகப் பிரிக்கும். எட்டும் அதற்குக் கீழும் சிவப்பு, அடிப்படையே தெரியாதவர்கள். பதினைந்துவரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. திங்கட்கிழமை டீச்சர் ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு வேறு பயிற்சித் தாள் தயாரிப்பார். நான் நகல் எடுத்து, பெயர் எழுதி, நூல் கட்டி, புதன்கிழமை மொபெட்டில் நகரியத்தில் பிளாக் பிளாக்காகக் கொண்டுபோவேன். வாசலில் நின்று கூப்பிட்டு, கேட்டில் தொங்கவிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். போன வாரத் தாளை வாங்கிவந்து மொட்டை மாடியில் ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டுத்தான் டீச்சர் கையில் தருவேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கருங்கல். பார்ப்பவர்கள் வடகம் காய்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

முதல் வாரம் நிறத்துக்குத் தகுந்த நூலே கட்டினேன். பெரிய தப்பு. சிவப்பு நூல் தொங்கிய வீட்டுப் பிள்ளையை எதிர்வீட்டுப் பிள்ளை விசாரித்தது. அந்த அம்மா என்னை வழிமறித்தார்.

"எதிர்வூட்டுப் புள்ளைக்குப் பச்சை நூலு, எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் செவப்பு?"

"பச்சை நூல் தீர்ந்துபோச்சும்மா" என்றேன்.

"அப்ப அடுத்த வாரம் எங்களுக்கு மொதல்ல கட்டு."

அடுத்த வாரத்திலிருந்து எல்லாவற்றுக்கும் வெள்ளை நூல். உள்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி சிவப்பு, இரண்டு மஞ்சள், மூன்று பச்சை. பிள்ளைகள் அதையும் கண்டுபிடித்தார்கள். பச்சைக் கட்டில் பதினைந்து தாள், சிவப்பில் எட்டுத்தான் என்று தெரிந்ததும் நன்றாகப் படிக்கும் ஒரு பையன் திடீரென்று இரண்டு மார்க்குக்கு இறங்கினான். டீச்சர் அவனுக்கு ஒரு புள்ளி போட்ட கட்டில் பதினைந்து தாள் வைத்தனுப்பினார். அதற்கு மறுவாரம் அவன் இருபதுக்கு இருபது.

இவ்வளவும் வேடிக்கையாகத்தான் போனது, சுகந்தி விஷயம் வரும்வரை.

சுகந்தி எட்டாம் வகுப்பு. பிளாக்குகள் முடிந்து கொஞ்ச தூரத்தில், கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்கும் குடியிருப்பில் வீடு. அம்மா விடியற்காலையில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் வயல் வேலைக்குப் போய்விடுவார். அப்பா வீரமுத்து ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பதினைந்து வருடமாக பர்மனென்ட் ஆகப்போகிறவர். கேன்டீன் நாளிலிருந்து எனக்குத் தெரியும், சாம்பாரை நான்காவது தடவை கேட்கும் ஒரே ஆள். வீட்டில் ஒரே ஒரு போன். அது அவருடையது.

ஒரு புதன்கிழமை அந்தப் பெண்ணிடம் ஒரு புள்ளிக் கட்டைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். முதல் தாளில் ஒரு தட்டில் ஐந்து மாம்பழம், இன்னொரு தட்டில் மூன்று. மொத்தம் எத்தனை?

"ஆயாம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள். வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் தாளை வைத்து, எட்டுத் தாளையும் நான் மொபெட்டை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டு மூச்சு வாங்குவதற்குள் முடித்துக் கையில் கொடுத்தாள். "அடுத்த வாரம் வாழைப்பழமா?" என்றாள்.

அதற்கு முந்தைய வாரம் அவளுக்கு மூன்று புள்ளிக் கட்டுக் கொடுத்தது எனக்கு நினைவிருந்தது. ஒரே வாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கணக்கு மறந்து மாம்பழத்துக்கு வந்துவிடுமா? வண்டியில் ஒரு பச்சைக் கட்டு உபரியாக இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் சிவப்பு என்றே இருந்தது. இது தப்பு என்று தெரியும். அந்தக் கணக்குகளையும் போட்டுக் கொடுத்தாள். அதைப் பச்சை அடுக்கில் வைத்தால் டீச்சர் கேட்பார். அதனால் மொபெட் பெட்டியில் துடைக்கிற துணிக்கு அடியில் வைத்தேன். அதன் பிறகு அவளுக்கு எந்தப் புள்ளி வந்தாலும் நான் கொடுத்தது மூன்று புள்ளி. துணிக்கு அடியில் கட்டுச் சேர்ந்துகொண்டே போனது.

ஆண்டு முடியப்போகும் நேரம். அந்த வருடம் எல்லோரும் தேர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பள்ளியில் ஒரு முடிவெடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு குழு. ஒன்று வழக்கமான பாடம். இன்னொன்று அடிப்படைக் குழு, அவர்கள் வருடம் முழுக்கக் கீழ் வகுப்புக் கணக்கைத் திரும்பப் படிப்பார்கள். வழக்கமான குழுவில் போன் வசதி இல்லாதவர்களுக்கு, பழைய மாணவர்கள் வாங்கித் தந்த டேப் என்ற கைக்கணினி ஒன்று கடனாகக் கொடுப்பார்கள். தேர்வை வேறு யாராவது எழுதித் தந்தது தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு நேராக அடிப்படைக் குழு. இது தலைமையாசிரியர் போட்ட விதி.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். சுகந்தியின் கடைசிப் பன்னிரண்டு வார மார்க், கோடாக ஏறி இறங்கியது.

"நீங்கதானே அந்த வூட்டுக்குப் போறீங்க. அங்க பெரிய படிப்புப் படிக்கிற அண்ணன், மாமா யாராவது வந்து போறாங்களா?"

"யாரும் இல்லையே டீச்சர். ஏன்?"

"ஏழு, பன்னெண்டு, பத்தொம்போது. திரும்ப ஏழு, பன்னெண்டு, பத்தொம்போது. வருசம் பூரா இப்படித்தான். மூணு வாரத்துக்கு ஒரு தடவ யாரோ வந்து எழுதித் தர்றாங்க. ஏழுதான் இவ மார்க். செயலியும் கவனம் நிலையா இல்லைன்னு எழுதியிருக்கு. அடிப்படைக் குழுவுலதான் போடணும் போலருக்கு."

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். எனக்குக் கணக்கு தெரியாது. ஆனால் அந்தக் கோட்டைப் பதினொரு வருடம் பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மேலே ஏறி, அப்படியே விழுந்து, நடுவில் நின்று, திரும்ப ஏறும். கேன்டீனில் இட்லி அரிசி இப்படித்தான் ஏறி இறங்கும்.

"டீச்சர், இது அந்தப் பொண்ணு மார்க் இல்லைங்க. அவங்க அப்பா ஷிப்ட்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நல்லவேளை, டிராயரைத் திறக்கவில்லை.

"சனிக்கிழமைவரைக்கும் டைம் குடுங்க" என்றேன்.

அந்த வாரம் வீரமுத்துவுக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் வீட்டில் இருப்பார். சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போனேன். மாஸ்க்கை இறக்கிவிட்டு டீ கேட்டேன். வாசலில் பாய் விரித்திருந்தது. பத்து மணிக்குப் போன் கூவியது. வீரமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார். சுகந்தி அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதறது யாரு?" என்றேன்.

"அவதான் எழுதுறா எக்கா. நான் சும்மா பாத்துகினு இருக்கேன்."

"அப்ப போன் ஏன் உங்க கைல?"

"என் போனு."

கேள்வி வந்தது. ஏழு கழித்தல், அடைப்புக்குறிக்குள் மூன்று கழித்தல் ஐந்து.

"ஒம்போது" என்றாள் சுகந்தி.

"மைனஸ் ஒண்ணு" என்றார் வீரமுத்து. "ஏழுல மூணு போச்சு, அஞ்சு போச்சு."

"அப்பா, வெளிய மைனஸ் இருந்தா உள்ள இருக்கறதெல்லாம் மாறும்."

"வெளிய நிக்கறவன் பேச்சைக் கேட்டு உள்ள இருக்கறவன் மாறிடுவானா? பதினஞ்சு வருசமா நான் வெளிய நிக்கறேன், எவன் மாறினான்?"

மைனஸ் ஒன்றை அழுத்திவிட்டார். சுகந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, பழகிப்போன அலுப்பு. சில கேள்விகளில் அவள் சண்டை போட்டு ஜெயித்தாள், சிலவற்றில் தோற்றாள். கடைசியில் பன்னிரண்டு.

அவளைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு வீரமுத்துவிடம் கேட்டேன். "முதல் ஷிப்ட் வாரம் போன் உங்களோட வந்துடுமே. அப்ப தேர்வு எப்படி?"

"கான்ட்ராக்டர் கூப்பிடுவான், போனை வூட்ல வச்சுட்டுப் போக முடியாது. நான் மூணு மணிக்கு வந்ததும் பாடத்த அவ பாத்துக்குவா. ஆனா பரிட்சை பதினோரு மணியோட மூடிடுது இல்ல? ஆப்சென்ட் விழுந்துடும். அதான் டீ டயத்துல நாங்களே போட்டுட்டோம்."

"நாங்களேன்னா?"

"நானு, வெல்டர், ஸ்டோர்ல ஒரு பையன். வெல்டர் ஐ.டி.ஐ. படிச்சவன் எக்கா. ஒருத்தனுக்கு முடியலைன்னா பக்கத்து ஆளு அந்த ஷிப்ட பாத்துக்கறதில்லையா? புள்ளைக்காகப் பண்ணக் கூடாதா?"

அவர் குரலில் கொஞ்சமும் குற்றம் இல்லை. ஒரு நாள் ஆப்சென்ட் ஆனால் அடுத்த நாள் கேட்டில் நிற்க வேண்டிய மனிதர். ஆப்சென்ட்டைவிடப் பெரிய கெடுதல் உலகத்தில் இருப்பதாக அவருக்குத் தெரியாது. மகளுக்கு அது வராமல் பார்த்துக்கொண்டார்.

"இரவு ஷிப்ட் வாரம்?"

"காலையில வந்து தூங்கிடுவேன். அப்ப அவளே எதையோ போட்டுக்குவா. பாவம், ஒத்தாசைக்கு ஆளு இருக்காது."

"ஒத்தாசைக்கு ஆள் இல்லாத வாரம் பத்தொன்பது. நீங்க பக்கத்துல இருந்தா பன்னிரண்டு. நீங்களும் வெல்டரும் சேர்ந்தா ஏழு" என்றேன்.

வீரமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்படைக் குழுவைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் போனை எடுத்துப் பாய்க்கு ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப என் பொண்ணு அங்கயும் கான்ட்ராக்ட்டா?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு முழுக்க யோசித்தேன். உண்மையைச் சொன்னால் வேறு ஆள் எழுதியது தெரிந்துவிடும், விதிப்படி அடிப்படைக் குழு. சொல்லாவிட்டால் ஏழுதான் அவள் மார்க், அப்போதும் அடிப்படைக் குழு. அவளுக்குத் தெரியும் என்று காட்ட இருப்பது என் வண்டிப் பெட்டியில் கிடக்கும் தாள்கள். அதை வெளியே எடுத்தால் பதிவேட்டில் நான் எழுதியது பொய். எனக்கு வேலை போவது புதிது இல்லை. ஏழெட்டு ஊர்களில் போயிருக்கிறது. ஆனால் இந்த ஒன்றில் இருந்துவிட வேண்டும் என்று எப்போது ஆசைப்பட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் முன்னால் நின்றேன். "ஷிப்ட்தான் டீச்சர். போன் அவரோட போயிடுது, அதனால மார்க் குறையுது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். பொய் இல்லை, பாதிதான்.

டிராயர் திறந்தது.

முதல் சீவல் விழுவதற்குள் என் வாயிலிருந்து வெல்டர் வெளியே வந்தார். இரண்டாவது சீவலுக்கு ஸ்டோர் பையன். மூன்றாவதற்கு நானே போய் மொபெட் பெட்டியிலிருந்து தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். துடைக்கிற துணியும் கூடவே வந்துவிட்டது.

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்தக் கணக்க நான் சொல்லித் தராத வழியில போட்டிருக்கா" என்றார். அப்புறம், "எத்தன மாசமா கட்டு மாத்திக் குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"நாலு மாசம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க செயலி சொன்னதை நம்பினீங்க. நான் கூட்டறவ. என் பேச்சு எடுபடுமான்னு நினைச்சேன்."

டீச்சர் தாள்களை அடுக்கி நூல் கட்டினார். "நானும் அந்த வூட்டு வாசல்ல ஒரு தடவ போய் நின்னிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். என் தப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை அப்பாவையும் மகளையும் வரச்சொன்னார். வீரமுத்து மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பெரிய ஹாலில் ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. இந்தக் கோடியில் ஒரு பெஞ்சு, அந்தக் கோடியில் ஒரு பெஞ்சு. டீச்சர் இரண்டிலும் ஒரே கேள்வித்தாளை வைத்தார்.

"உக்காருங்க" என்றார் வீரமுத்துவிடம்.

"நானா டீச்சர்?"

"வருசத்துல பாதி பரிட்சை நீங்கதானே எழுதினீங்க. கடைசிப் பரிட்சையையும் எழுதிடுங்க."

"வெல்டர் வரலையே" என்றார் வீரமுத்து, நிஜமாகவே.

ஒரு மணி நேரம். சுகந்தி நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரமுத்து மாஸ்க்குக்குள் வியர்த்து, விரல் விட்டு எண்ணி, ஒரு கட்டத்தில் மகள் இருக்கும் கோடியை எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் பாருங்க" என்று நான்தான் அதட்டினேன். என் வாழ்நாளில் நான் தேர்வு மேற்பார்வை பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

டீச்சர் அங்கேயே திருத்தினார். சுகந்திக்குப் பதினெட்டு. வீரமுத்துவுக்கு ஏழு. பிறகு முதல் ஷிப்ட் வாரத் தேர்வுகளின் பதில்களை எடுத்து அவர் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அடைப்புக்குறி வந்த இடத்திலெல்லாம் ஒரே மாதிரித் தப்பு. கைரேகைபோல.

தலைமையாசிரியரிடம் இதை எடுத்துக்கொண்டு போனபோது நானும் பின்னால் நின்றேன். அவர் விதியைச் சொன்னார். "வேற ஆள் எழுதினா அடிப்படைக் குழுதானே டீச்சர்?"

"மார்க்க ஏத்தறதுக்காக எழுதினாத்தான் சார் அந்த விதி. இவர் இறக்கினதுக்கு நாம விதியே போடல. யாரும் அப்படிச் செய்வாங்கன்னு நமக்குத் தோணல" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆனால் செயலியில் பழைய மார்க்கை நீக்க வேண்டுமென்றால் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் மூன்றுதான் இருந்தன. மாணவர் வரவில்லை. உடல்நலக் குறைவு. இணைப்பில் கோளாறு. அப்பா எழுதினார் என்று ஒன்று இல்லை. டீச்சர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்தோணி, எதை அழுத்த?" என்றார்.

"மூணாவதுங்க."

"அது பொய் இல்லையா?"

"போன் ஒர்க்‌ஷாப்ல இருந்துச்சு, பொண்ணு வூட்ல இருந்தா. கோளாறுதானே டீச்சர்."

அழுத்தினார். அடுத்த வாரத்திலிருந்து பதிவேட்டில் ஒரு பத்தி கூடியது. பெயர், மார்க், நிறம், அதற்குப் பக்கத்தில் வீட்டில் போன் வைத்திருப்பவரின் ஷிப்ட். அந்தப் பத்தியை நிரப்பும் வேலை எனக்கு. நிரப்ப நிரப்ப இன்னும் சில பிள்ளைகளின் கோடும் ஷிப்டோடு சேர்ந்து ஏறி இறங்குவது தெரிந்தது. சனிக்கிழமைத் தேர்வைப் பத்து மணிக்கு ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை என்று டீச்சர் திறந்துவிட்டார். புதுச் செயலிக்காரர்கள் இதைப் படித்தால், அவர்கள் செயலியிலும் அந்தப் பத்திக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

சுகந்தி வழக்கமான குழுவில் சேர்ந்தாள். டேபை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீரமுத்து அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். "இது அவளுது" என்றார், யாரோ கேட்டதுபோல.

ஒன்பதாம் வகுப்பின் முதல் சனிக்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட். வீட்டில் யாரும் இல்லை. சுகந்தி தனியாக எழுதினாள். பதினான்கு வந்தது. திங்கட்கிழமை இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் வழியில் வீரமுத்து ஒர்க்‌ஷாப் உடுப்போடு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். கையெல்லாம் கழுவியும் போகாத கிரீஸ்.

"பதினாலுதான் டீச்சர் வாங்கியிருக்கா. நான் கிட்டகூடப் போகல. எக்காவ வேணும்னாலும் கேளுங்க."

"தெரியும். பதினாலு போதும்" என்றார் டீச்சர்.

"போதுமா?"

டீச்சர் சுகந்தியின் பதில்களைத் திரையில் திறந்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு இடத்தில் தப்பு. ஆறும் ஆறு விதம்.

"இந்த ஆறும் அவ பண்ணின தப்பு. இவ்வளவு நாளா நான் யாரோட தப்பையோ திருத்திக்கினு இருந்தேன்" என்றார்.

பிறகு டேபில் சுகந்தியைக் கூப்பிட்டார். கறுப்புக் கட்டம் விலகி அந்தப் பெண்ணின் முகம் வந்தது. டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, முதல் தப்பிலிருந்து ஆரம்பித்தார்.